தனித்திருந்து ஜெபிப்பதும் மடத்துத் துறவும்: எங்கே தொடங்குவது, எங்கே தவறும்?

அறைவீடு கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. லூக்கா 5:16-ஐப் பார்த்தால் அது என்றோ ஒருநாள் நடந்ததல்ல, அவருடைய வழக்கமே அதுதான் என்று தெரிகிறது. மலைப்பிரசங்கத்தில் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொல்கிறார். ஆனால் சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்பதும் (எபிரெயர் 10:25) அதே வேதத்தில்தான் இருக்கிறது. "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்று ஆதியாகமம் 2:18-லேயே வந்துவிடுகிறது. இவை இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது?

மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, பழைய காலத்து வனாந்தரத் துறவிகள் உண்மையிலேயே தனியாகத்தான் இருந்தார்களா? இரண்டு, ஒருவர் மூன்று நாளோ ஒரு வாரமோ தனித்திருந்து ஜெபிக்க நினைத்தால் நாளை எப்படிப் பிரிப்பது, உபவாசம் எவ்வளவு, எங்கே வழுக்கும்? மூன்று, வாழ்நாள் முழுவதையும் கொடுக்க நினைப்பவர் நேராகத் தனித்துறவியாகப் போக முடியுமா? "தேவன் நடத்துவார்" என்பது தெரியும். நேரம், அளவு, முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாலைக்கிணறு எழுதியது:

முதல் கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் இல்லை. ஓவியங்களில் காட்டுகிற மாதிரி, குகைக்குள் ஒற்றை ஆளாக யார் முகத்தையும் பார்க்காமல் வாழ்ந்தவர்கள் மிகச் சிலர்.

வனத்து அந்தோனியாரையே எடுத்துக்கொள்ளுங்கள் (சுமார் 251–356, பதுவை அந்தோனியார் வேறு, அவர் 13-ஆம் நூற்றாண்டு). "உனக்கு உண்டானவைகளை விற்று" என்ற மத்தேயு 19:21 ஆலயத்தில் வாசிக்கப்பட்டதைக் கேட்டு நிலத்தை விட்டார். ஆனால் மறுநாளே பாலைவனத்துக்கு ஓடிவிடவில்லை. ஊர் எல்லையிலேயே தங்கினார். பக்கத்து ஊரில் இளமை முதல் தனித்து வாழ்ந்த ஒரு முதியவரைப் பார்த்து நடந்தார். ஒருவரிடம் பொறுமை, இன்னொருவரிடம் இரவு விழிப்பு, மற்றொருவரிடம் சாந்தம் என்று பலரிடம் போய்க் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஒரு கல்லறைக்குள் போய்த் தங்கினார், அதற்கும் பிறகுதான் ஒரு பாழடைந்த கோட்டையில் ஏறக்குறைய இருபது ஆண்டு. அங்கேயும் ஆண்டுக்கு இரண்டு முறை யாரோ ரொட்டி கொண்டுவந்து மேலிருந்து இறக்கினார்கள். தனிமைக்கும் சோறு போட ஓர் ஆள் வேண்டும். இதை மறக்கிறவர்கள்தான் தனிமையைப் பற்றி மிகையாகப் பேசுகிறார்கள்.

நித்திரியா, கெல்லியா, ஸ்கேத்திஸ் என்று எகிப்தில் மூன்று பெரிய துறவியர் இடங்கள் இருந்தன. கெல்லியா என்ற சொல்லுக்கே 'அறைகள்' என்றுதான் பொருள். ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்காத தூரத்தில் அறைகள். வாரத்தில் ஐந்து நாள் அறையில், சனி ஞாயிறு எல்லாரும் ஆலயத்தில் கூடி வழிபாடு, சேர்ந்து சாப்பாடு. புதியவர் முதலில் நித்திரியாவில் பலரோடு பழகித் தேறிய பிறகுதான் கெல்லியாவுக்குப் போவார். ஒருவர் சனிக்கிழமை வரவில்லை என்றால், உடம்பு சரியில்லையோ என்று பார்க்க ஆள் போகும்.

அதே எகிப்தில் பக்கோமியு (சுமார் 292–348) தபென்னிசியில் வேறு முறையைத் தொடங்கினார்: சுற்றுச்சுவர், பொதுப் பந்தி, ஆளுக்கொரு தொழில், எல்லாருக்கும் ஒரே ஒழுங்கு. கூட்டுத் துறவு அங்கேதான் உருப்பெற்றது. துறவியருக்கு ஒழுங்கு எழுதிய ஆயர் பெரிய பசிலியார் (இறப்பு 379) இன்னும் கறாராகக் கேட்டார்: ஆண்டவர் சீடருடைய பாதங்களைக் கழுவினார், தனியாக இருக்கிற நீ யாருடைய பாதத்தைக் கழுவுவாய்? நீங்கள் காட்டிய ஆதியாகம வசனத்துக்கும் எபிரெயர் நிருபத்துக்கும் துறவிகளுக்குள்ளேயே கொடுக்கப்பட்ட பதில் இதுதான்.

ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) 6-ஆம் நூற்றாண்டில் மடத்துக்கென்று எழுதிய ஒழுங்கின், அதாவது விதிநூலின், முதல் அதிகாரத்தைப் பாருங்கள். துறவிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார். மடத்தில் வாழ்பவர் முதல் வகை. தனித்துறவி இரண்டாம் வகை. ஆனால் அவர் புது ஆர்வத்தில் கிளம்பினவராக இருக்கக் கூடாது, மடத்தில் பலருடைய துணையோடு நெடுங்காலம் போராடிப் பழகியவராக இருக்க வேண்டும். மூன்றாம் வகை, ஒழுங்கும் மேய்ப்பனும் இல்லாமல் இரண்டு மூன்று பேராகவோ தனியாகவோ இருப்பவர்கள். தங்களுக்குப் பிடித்ததைப் புனிதம் என்பார்கள், பிடிக்காததைக் கூடாது என்பார்கள். நான்காம் வகை மடம் மடமாகச் சுற்றுகிறவர்கள். மூன்றாம் வகையைப் பற்றி அவர் எழுதிய வரிகளைத் தனிமையை விரும்பும் ஒவ்வொருவரும் கிளம்பும் முன் ஒருமுறை வாசிக்க வேண்டும். தனிமையில் நம்மை மறுத்துப் பேச ஆள் இல்லை. அதுதான் அதன் முதல் ஆபத்து.

---

ஏழுவேளை எழுதியது:

இயேசுவுக்கே புகழ். இரண்டாம் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை என்றால் மூன்று முழு நாள் போதும். ஒரு வாரம் வேண்டாம்.

கிளம்பும் முன் இரண்டு காரியம். ஒன்று, ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள்: ஆன்ம வழிகாட்டி, போதகர், அல்லது விசுவாசத்தில் முதிர்ந்த ஒருவர். அவருக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரிய வேண்டும். தினமும் மாலை கால் மணி நேரம் அவரிடம் மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், என்ன சாப்பிட்டேன், இன்று எந்த எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாவதுதான் முக்கியம், ஆனால் முதல் இரண்டு தெரியாமல் மூன்றாவதை யாராலும் சரியாக எடைபோட முடியாது. இரண்டு, கைப்பேசியை அணைத்து வைத்தால் போதாது. இன்னொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். மணி பார்க்கத் தனியாக ஓர் அலாரம் கடிகாரம் எடுத்துப் போங்கள். "மணி பார்க்கத்தான்" என்று கைப்பேசியைத் திறப்பதில்தான் பாதி தியானம் போகிறது.

முதல் நாளின் முதல் பாதியில் எந்தத் திட்டமும் வேண்டாம். தூங்குங்கள், நடங்கள். களைப்போடு செபத்தில் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும், அதைப் 'பக்தி இல்லை' என்று தப்பாகப் புரிந்துகொள்வோம்.

பிறகு நாளுக்கு நான்கு தூண் நடுங்கள்: காலை 5.30, நண்பகல் 12, மாலை 6, இரவு 8. இவற்றில் திருப்பாடல்கள் (சங்கீதங்கள்). ஆசீர்வாதப்பர் ஒழுங்கில் பகலில் ஏழு வேளை, இரவில் ஒன்று, வாரத்துக்கு 150 திருப்பாடல். அது மடத்தில் பாடகர் குழுவோடு நடப்பது. தனி ஆளுக்குக் காலையும் மாலையும் மூன்று மூன்று, நண்பகலும் இரவும் ஒவ்வொன்று போதும். வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் இரண்டாம் நாளிலேயே ஓட்டமாகிவிடும். உள்ளம் ஒத்துவராத நாளிலும் அந்த வேளையைக் குறைக்காதீர்கள், கூட்டவும் கூட்டாதீர்கள். நல்ல மனநிலையில் கூட்டுகிறவர்தான் மோசமான மனநிலையில் விட்டுவிடுவார்.

காலை செபத்துக்குப் பிறகு 45 நிமிடம் இறைவார்த்தை வாசிப்பு. 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் என்ற துறவற சபையைச் சேர்ந்த இரண்டாம் குய்கோ இதை நான்கு படியாக எழுதினார்: வாசிப்பு, தியானம், செபம், பிறகு சொல்லற்ற நோக்கு. நடைமுறையில் இப்படி: 10, 12 வசனத்துக்கு மேல் வேண்டாம். முதல் தடவை முழுதும் மெதுவாக. இரண்டாம் தடவை எந்தச் சொல்லில் மனம் நிற்கிறதோ அங்கே நின்று அதையே வாயில் மெல்லுங்கள். அந்தச் சொல்லை ஆண்டவரிடம் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு சும்மா இருங்கள். விளக்கவுரைப் புத்தகம் அறையிலேயே இருக்கக் கூடாது. அது திறந்தவுடன் செபம் படிப்பாக மாறிவிடும். விவிலியமும் இன்னொரு நூலும் தவிர வேறு வேண்டாம்.

8.30 முதல் 11.30 வரை கைவேலை. இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். பெருக்குவது, களை பிடுங்குவது, துணி தைப்பது, விறகு வெட்டுவது என்று கை பழகிய, மனத்தைப் பிடித்து வைக்காத வேலையாக இருக்கட்டும். எழுதுவது கைவேலை அல்ல. எகிப்தில் பனை, ஈச்ச ஓலையில் கயிறும் கூடையும் பின்னினார்கள். அப்பா பவுல் என்ற துறவி ஊரிலிருந்து ஏழு நாள் நடைத் தொலைவில் இருந்தார். விற்கப் போனால் விலையைவிட வழிச்செலவு அதிகம். ஆனாலும் தினமும் தனக்குத் தானே அளவு வைத்துப் பின்னினார். ஆண்டு முடிவில் குகை நிறைந்ததும் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு, மறுபடி முதல் ஓலையை எடுத்தார். கைவேலை இல்லாமல் துறவி ஓரிடத்தில் நிலைத்திருக்க முடியாது என்று காட்ட, எகிப்தியத் துறவியரோடு வாழ்ந்து அவர்களைப் பற்றி எழுதிய யோவான் கசியான் இதை எழுதி வைத்திருக்கிறார்.

உபவாசம்: முதல் தடவை முழு உபவாசம் வேண்டாம். எளிய சாப்பாடு இரு வேளை, ஒரே நேரத்தில், கொஞ்சம் பசி மிச்சம் இருக்கும்படி. கசியான் காலத்து எகிப்தியத் துறவியர் நாளொன்றுக்கு இரண்டு சிறு காய்ந்த ரொட்டி சாப்பிட்டார்கள், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு ரோமானிய ராத்தல், அதாவது சுமார் 330 கிராம். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து பிறகு வயிறு நிறையச் சாப்பிடுவதைவிட, தினமும் அளவாகச் சாப்பிடுவதே கடினமானது, நல்லது என்று அவர்கள் தீர்த்துச் சொன்னார்கள். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைய வேண்டாம். பசியும் தூக்கக்குறைவும் சேர்ந்தால் மனம் காட்டும் காட்சிகளை அருள் அனுபவம் என்று நம்பிவிடுவோம். வழக்கமாக மருந்து சாப்பிடுகிறவர் ஒரு வேளையும் விடக் கூடாது. சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் உணவு நேரத்தை மாற்றவும் கூடாது.

கடைசியாக, அந்த மூன்று நாளில் வாழ்க்கை முடிவு எதுவும் எடுக்காதீர்கள். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் சொன்ன விதி இது: மனம் வறண்டு கிடக்கும் நேரத்தில், அதற்கு முன் எடுத்த முடிவை மாற்றாதே.

---

சீர்திருத்தன் எழுதியது:

சகோதரர்கள் சொல்வதில் பயனுள்ளது நிறைய இருக்கிறது. ஆனாலும் சுவிசேஷ சபையார் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது, அதையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும். லூத்தர் மடத்தை வெளியிலிருந்து பார்த்துப் பேசவில்லை. 1505-ல் எர்ஃபுர்ட்டில் அகுஸ்தீன் மடத்தில் சேர்ந்தவர். 1521-ல் துறவற வாக்குறுதிகளைப் பற்றி எழுதினார். 1530-ல் லூத்தரன் சபையாரின் ஔக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 27-ஆம் கட்டுரை இதற்கென்றே எழுதப்பட்டது. அதன் குற்றச்சாட்டு தனிமையின் மேல் அல்ல. துறவு வாக்குறுதியை ஞானஸ்நானத்துக்குச் சமமாக வைத்தது, அதனால் பாவமன்னிப்பைச் சம்பாதிக்கலாம் என்று போதித்தது, வயது வராதவர்களைக் கட்டிப்போட்டது, குடும்பம் நடத்துகிறவனின் அழைப்பைத் தாழ்த்தியது ஆகியவற்றின் மேல்தான். ஒருவர் "இதைச் செய்தால் தேவன் என்னை அதிகம் ஏற்றுக்கொள்வார்" என்று அறைக்குள் போனால், அவர் கதவைப் பூட்டும் முன்பே வழி தவறிவிட்டார்.

அறைவீடு கேட்ட முறைக்கு லூத்தரிடமும் ஒன்று உண்டு. 1535-ல் தன் முடிதிருத்துபவர் கேட்டதற்காக ஜெபிக்கும் வழியை எழுதிக் கொடுத்தார். பத்துக் கட்டளைகளில் ஒன்றை எடுத்துக்கொள். அதை நான்கு புரியாக முறுக்கு. இது எனக்கு என்ன போதிக்கிறது, இதற்காக எதற்கு நன்றி சொல்ல வேண்டும், இதில் எங்கே தவறினேன், இனி என்ன வேண்டும். இடையில் மனம் தானாகவே ஜெபத்தில் பொங்கினால் மீதியை விட்டுவிட்டு அமைதியாகக் கேள் என்கிறார். ஒரு கட்டளைக்கு 20 நிமிடம் வைத்தால் மூன்று நாளில் பத்தும் நிதானமாக முடியும். திருப்பாடல் முறை பழக்கமில்லாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

---

பாலைக்கிணறு எழுதியது:

சீர்திருத்தன் ஐயா சொன்ன எச்சரிக்கையை ஏற்கிறேன். வனாந்தரத் தந்தையரும் இதற்கே பயந்தார்கள். ஹெரோன் என்ற முதியவர் ஐம்பது ஆண்டு பாலையில் இருந்தவர். உயிர்ப்புப் பெருவிழாவுக்குக் கூட சகோதரரோடு பந்தியில் உட்கார மாட்டார். அவர்கள் வைக்கும் கொஞ்சம் பருப்பைத் தின்றால் தன் நோன்பு குறைந்துவிடுமே என்று. கடைசியில், ஒளியின் தூதன் என்று நம்பின ஒன்றின் பேச்சைக் கேட்டு, தன் தவ வலிமையால் ஒன்றும் ஆகாது என்று ஆழமான கிணற்றில் குதித்தார். தூக்கி எடுத்தார்கள், மூன்றாம் நாள் இறந்தார். அப்போதும் தான் ஏமாந்ததை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கசியான் இதைச் சொல்வது ஒரே காரணத்துக்காக: அவருக்குத் தவம் குறையவில்லை, தன் எண்ணத்தை இன்னொருவர் முன் வைக்கும் பழக்கம் இல்லை.

---

அறைவீடு எழுதியது:

மிகவும் நன்றி. ஏழுவேளை அண்ணா சொன்ன திட்டத்தை எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு சந்தேகம். தனித் தியானம் பற்றி வாசிக்கும் இடமெல்லாம் "இரண்டாம் நாள் மதியம் கவனம்" என்று சொல்கிறார்கள். அது வெறும் சலிப்பா, அல்லது வேறெதாவதா?

---

நடுப்பகல் எழுதியது:

அதற்குப் பெயரே உண்டு. கிரேக்கத்தில் அக்கேதியா. சோம்பல் என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். மனச்சலிப்பு என்பது கொஞ்சம் நெருக்கம். எவாக்ரியு என்ற துறவி (345–399) கெல்லியாவில் இருந்துகொண்டு எழுதினார். துறவியைத் தாக்கும் எட்டு எண்ணங்களில் இதுதான் மிகக் கனமானது என்றார். சங்கீதம் 91:6-ல் வரும் மத்தியானச் சங்காரம் இதுதான் என்பது அவர் கருத்து. நேரத்தைக் கூடச் சொல்கிறார்: நான்காம் மணி முதல் எட்டாம் மணி வரை, நம் கணக்கில் காலை 10 முதல் மதியம் 2. அவர்களுக்கு அன்றைய ஒரே சாப்பாடு ஒன்பதாம் மணிக்கு, அதாவது 3 மணிக்கு. அப்போது நடப்பதை அவர் விவரிக்கிற விதம் இன்றைக்கும் வரிக்கு வரி பொருந்தும். முதலில் சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும், பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றும். கண் சன்னலுக்குப் போகும். வாசலுக்கு வந்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று வெயிலைப் பார்ப்பார். யாராவது சகோதரர் வருகிறாரா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். பிறகு இடம் பிடிக்காது, வேலை பிடிக்காது. "இங்கே யாருக்கும் அன்பே இல்லை" என்று தோன்றும். அண்மையில் மனம் நோகடித்த ஒருவர் நினைவுக்கு வருவார். "வேறோர் இடத்தில் இதைவிட நன்றாகச் செய்யலாமே, தேவனை எங்கே வேண்டுமானாலும் தொழலாமே" என்று நியாயம் பேசும். கடைசியில் வீட்டார் நினைவு, இன்னும் எத்தனை ஆண்டு இப்படி என்ற மலைப்பு.

கவனியுங்கள்: இதில் ஒன்றுகூட வெளிப்படையான பாவ எண்ணம் இல்லை. எல்லாம் நல்ல யோசனை மாதிரியே வரும். தியானத்தின் இரண்டாம் நாளில் "நோயாளியைப் பார்க்கப் போனால் இதைவிடப் புண்ணியம் ஆயிற்றே" என்று தோன்றுவதும் இதுதான். உண்மையிலேயே அழைப்பு என்றால் நான்காம் நாளும் அது இருக்கும், அப்போது போகலாம்.

என்ன செய்வது? அறையை விட்டு வெளியேறாதீர்கள். அந்த மணி நேரத்துக்குப் புதிதாக ஒன்றும் சேர்க்காமல், ஏற்கெனவே எழுதி வைத்த ஒழுங்கையே செய்யுங்கள். அந்தோனியாரே ஒருமுறை இதில் சிக்கி, "ஆண்டவரே, என்ன செய்வேன்" என்று கேட்டாராம். தன்னைப் போன்ற ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிப்பதையும், எழுந்து ஜெபிப்பதையும், மறுபடி உட்கார்ந்து திரிப்பதையும், மறுபடி எழுவதையும் கண்டார். இப்படியே செய், தப்புவாய் என்று கேட்டது. 20 நிமிடம் கைவேலை, 5 நிமிடம் எழுந்து நின்று ஜெபம், மறுபடி 20 நிமிடம் என்று மாற்றி மாற்றிச் செய்தால் ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பாலும் அழுத்தம் தளரும். எவாக்ரியு இன்னொன்றும் சொல்வார்: உன் ஆத்துமாவை இரண்டாகப் பிரி, ஒரு பாதி மற்ற பாதியைத் தேற்றட்டும். சங்கீதம் 42:5-ஐ அதற்குத்தான் கொடுத்தார்: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" உரக்கச் சொல்லுங்கள். இந்தச் சலிப்பைத் தாண்டினால் அதன் பின்னால் வேறு எண்ணம் உடனே வராது, ஒரு சமாதானமும் சொல்ல முடியாத மகிழ்ச்சியும் வரும் என்பதும் அவர் எழுதியதே.

இதையும் நோயையும் குழப்பக் கூடாது. மனச்சலிப்பு நேரத்தோடு வரும், வேலை செய்தால் தளரும். தூக்கமே வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாவைப் பற்றிய எண்ணம் வருகிறது என்றால் தியானத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, வீட்டாரிடமும் மருத்துவரிடமும் போக வேண்டும். 16-ஆம் நூற்றாண்டுத் துறவி அவிலா தெரேசா இதில் மிகத் தெளிவு. மணிக்கணக்கில் மயங்கிக் கிடந்து அதைப் பரவசம் என்று நினைத்த ஒரு சகோதரிக்கு, தவத்தைக் குறை, சாப்பிடு, தூங்கு என்று சொன்னதும் அது போய்விட்டது என்று எழுதியிருக்கிறார்.

---

முடிக்கயிறு எழுதியது:

கீழைத் திருச்சபை (ஆர்த்தடாக்ஸ்) வழக்கத்திலிருந்து கொஞ்சம். நடுப்பகல் சொன்ன அந்த ஐந்து நிமிட ஜெபத்துக்கு இயேசு ஜெபம் நன்றாக ஒத்துவரும்: "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்." எண்ணுவதற்குக் கம்பளி நூலில் முடிந்த கயிறு; 33, 50, 100 முடிச்சு உள்ளவை வழக்கத்தில் உண்டு. இடக்கையில் பிடிப்பார்கள், வலக்கை சிலுவை அடையாளத்துக்குக் காலியாக இருக்க. 100 முடிச்சை நிதானமாகச் சொன்னால் 10 முதல் 15 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் முடிந்தால் வாய் மட்டும்தான் ஓடுகிறது என்று அர்த்தம்.

புதியவர் மூச்சோடும் இதயத் துடிப்போடும் இந்த ஜெபத்தைக் கட்டாயமாகப் பொருத்த முயலக் கூடாது. புத்தகத்தில் வாசித்துவிட்டுத் தானே செய்து பார்ப்பவர்களுக்குப் படபடப்பு, நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல் வரும். அதைக் கற்றுத் தர, பக்கத்திலிருந்து பார்க்கிற ஒரு மூத்தவர் வேண்டும். உள்ளே உருவங்களைக் கற்பனை செய்வதும் வேண்டாம். மனத்தைச் சொற்களுக்குள் அடைத்து வைத்தால் போதும்.

ஒரு சின்னக் குறிப்பு: கீழைத் திருச்சபை நூல்களில் 90-ஆம் சங்கீதம் என்று வந்தால் அது உங்கள் வேதாகமத்தில் 91. கிரேக்கப் பதிப்பின் எண் 10 முதல் 147 வரை பெரும்பாலும் ஒன்று குறைவாக வரும். இதனால் பலர் வேறு சங்கீதத்தை வைத்துத் தியானிக்கிறார்கள்.

---

வார்த்தைப்பாடு எழுதியது:

மூன்றாம் கேள்வி யாரும் தொடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத்தொகுப்பின்படி சொல்கிறேன்.

மடத்தில் சேர்வது படிப்படியானது. முதலில் வந்து தங்கிப் பார்ப்பது. பிறகு நவதுறவு, அதாவது புதியவருக்கான பயிற்சிக் காலம்: 17 வயது நிறைந்திருக்க வேண்டும், குறைந்தது 12 மாதம். அடுத்து தற்காலிக வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி), மூன்று ஆண்டுக்குக் குறையாமல், ஆறுக்கு மேற்படாமல். தேவைப்பட்டால் மொத்தம் ஒன்பது வரை நீட்டலாம். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வெளியே வராமல் உள்ளேயே வாழும் அடைபட்ட மடங்களின் சகோதரிகளுக்கு 2018-ல் வந்த விதிமுறைப்படி பயிற்சி மொத்தம் 9 முதல் 12 ஆண்டு. கல்யாணமாகித் துணை உயிரோடு இருப்பவரைச் சேர்க்க முடியாது. திருப்பித் தர முடியாத கடன் உள்ளவரையும் சேர்க்கக் கூடாது. இதைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் சொத்து நிர்வாகத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும், நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டப்படி செல்லும் உயில் எழுத வேண்டும்.

இத்தனை ஆண்டு காத்திருக்க வைப்பது விரட்டுவதற்காக அல்ல. ஆசீர்வாதப்பர் காலத்திலேயே, வந்தவரை நாலைந்து நாள் வாசலில் நிறுத்தினார்கள். உள்ளே விட்ட பிறகு இரண்டு மாதம் கழித்து ஒழுங்கு முழுதும் வாசித்துக் காட்டுவார்கள், அடுத்து ஆறு மாதம் கழித்து, அதற்கடுத்து நான்கு மாதம் கழித்து. ஒவ்வொரு தடவையும், விருப்பம் இல்லையென்றால் தாராளமாகப் போகலாம் என்று சொல்வார்கள்.

தனிமைதான் வேண்டும் என்பவர்க்கு, தனிமையையே கூட்டாக வாழும் சபைகள் உண்டு. கார்த்தூசியன் சபை 1084-ல் புரூனோ தொடங்கியது. துறவிக்கு ஒரு சிறு வீடே அறை: செபிக்கும் இடம், படுக்கும் இடம், பட்டறை, சுவர் சூழ்ந்த சிறு தோட்டம். வாசல் பக்கத்தில் சுவரில் ஒரு சிறு கதவுப் பெட்டி. சாப்பாட்டை வெளியிலிருந்து வைப்பார்கள், உள்ளிருந்து எடுத்துக்கொள்வார், இருவரும் பேசுவதில்லை. நள்ளிரவில் தூக்கத்தை இரண்டாக வெட்டி எழுந்து ஆலயத்தில் இரண்டு மூன்று மணி நேர இரவு வழிபாடு. ஆனால் அவர்களுக்கும் வாரம் ஒருமுறை எல்லாரும் சேர்ந்து பேசிக்கொண்டே நெடுநடை போவது ஒழுங்கிலேயே இருக்கிறது. அது சலுகை அல்ல, கடமை. அந்த நடையைத் தவிர்க்கத் தேடுகிறவரை நவதுறவியர் தலைவர் கவனித்துப் பார்ப்பார்.

மடம் இல்லாமல் தனித்துறவியாக வாழ 603-ஆம் சட்டம் வழி தருகிறது. உலகை விட்டு மிக விலகியிருத்தல், மௌனத் தனிமை, இடைவிடா செபம், தவம் ஆகியவை வேண்டும். மறைமாவட்ட ஆயர் கையில் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் வெளிப்படையாக வார்த்தைப்பாடு கொடுத்து, அவர் வழிகாட்டுதலில், எழுதி ஒப்புதல் பெற்ற வாழ்க்கை ஒழுங்கின்படி வாழ வேண்டும். ஆயர் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிழைப்புக்குப் பொதுவாக அவரேதான் வழி பார்க்க வேண்டும். ஆகவே ஒழுங்கை எழுதும்போது வேலை எத்தனை மணி, திருப்பலிக்கு எங்கே போவார், விருந்தினரை எப்போது பார்ப்பார், நோய் வந்தால் யார் பார்ப்பார், கணினியும் கைப்பேசியும் எவ்வளவு நேரம் என்பவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். "செபமும் மௌனமும்" என்று இரண்டு வரி எழுதிக்கொண்டு போனால் திரும்பி வர வேண்டியதுதான். ஆயர் அலுவலகம் முதலில் கேட்பது, இதுவரை எத்தனை ஆண்டாக, யாருடைய வழிகாட்டுதலில் இப்படி வாழ்கிறீர்கள் என்பதே.

---

அறைவீடு எழுதியது:

மூன்று நாள் என்றே முடிவு செய்துகொள்கிறேன், ஒரு வாரம் இல்லை. எங்கள் மூத்த போதகர் மாலையில் கேட்பதாகச் சம்மதித்திருக்கிறார். கடைசி நாள் எப்படி முடிப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லையே?

---

ஏழுவேளை எழுதியது:

மூன்றாம் நாள் இரவு முடித்துவிட்டு அப்படியே கிளம்பாதீர்கள் தம்பி. நான்காம் நாள் காலை செபம், வாசிப்பு இரண்டும் வழக்கம்போல. பிறகு ஒரு தாளில் பத்து வரிக்குள் எழுதுங்கள்: எந்த வசனம் நின்றது, எந்த எண்ணம் திரும்ப வந்தது, வீட்டில் தினமும் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே ஒரு வேளை எது. ஒன்றுதான், நான்கையும் வீட்டுக்குத் தூக்கிப் போனால் பத்து நாளில் எல்லாம் விழும். அந்தத் தாளைப் போதகரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

காலைக் கைவேலை நேரம் முழுவதும் அறைக்கு. மடத்துப் பாத்திரம், கருவி எல்லாவற்றையும் பீடத்துத் திருப்பாத்திரம் போலப் பார்க்கச் சொல்கிறார் ஆசீர்வாதப்பர். படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயப் போடுங்கள், தரையைத் துடையுங்கள், எடுத்த மண்வெட்டியைக் கழுவி எடுத்த இடத்திலேயே வையுங்கள். நண்பகல் திருப்பாடலைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். கைப்பேசியை அன்று மாலைவரை வாங்க வேண்டாம்.